சீட்டில் 14 பேர்: ஒரு சம்பளக் கலந்துரையாடல் பற்றிய நிகழ்வு ஆய்வு

2024ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் இலங்கையின் மலையகத்தில் நாங்கள் நடத்திய இரண்டு கூட்டங்களைப் பற்றிய பதிவு இது. தேயிலைத் தோட்டச் சம்பளம் பற்றிப் பேச ஓர் அரசியல்வாதி, ஒரு பல்கலைக்கழக ஆய்வாளர், ஒரு பெருந்தோட்டக் கம்பனியின் உயர் அதிகாரி ஆகிய மூவரையும் அழைத்தோம். முதல் கூட்டம் தோல்வி. இரண்டாவதில் கொஞ்சம் பயன் இருந்தது. ஆனால் அதனால் வந்த பாதிப்பு எங்களில் யாருக்கும் வரவில்லை, கொழுந்து எடுக்கும் ஓர் அக்காவுக்குத்தான் வந்தது. அதையும் மறைக்காமல் எழுத வேண்டும் என்பதால்தான் இந்தப் பதிவு.

ஆட்களின் பெயர், தோட்டத்தின் பெயர், நகரத்தின் பெயர் எதுவும் இங்கே இல்லை. ஹட்டன் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கூட்டங்களையும் நெறிப்படுத்தியவன் நான். எங்கள் குழு சிறியது: சில ஆசிரியர்கள், ஒரு சட்டத்தரணி, ஓய்வுபெற்ற ஒரு தபால் ஊழியர், இரண்டு பல்கலைக்கழக மாணவர்கள்.

பின்னணி

1992இல் அரசுத் தோட்டங்களின் நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளின் கைக்குப் போனது. பின்னர் நீண்ட காலம் நாட்சம்பளம் கூட்டு ஒப்பந்தத்தில்தான் தீர்மானமானது. ஒரு பக்கம் தொழிற்சங்கங்கள், மறுபக்கம் கம்பனிகளுக்காக முதலாளிமார் சம்மேளனம். 2016 ஒப்பந்தத்தை 730 ரூபா என்று எல்லோரும் சொன்னார்கள். பிரித்துப் பார்த்தால் அதில் அடிப்படைச் சம்பளம் 500, வருகைக்கு 60, விலைப் பங்குக்கு 30, உற்பத்திக்கு 140. வருகை குறைந்தாலோ கிலோ குறைந்தாலோ 730 கைக்கு வராது. 2019இல் அடிப்படை 700, அதோடு ஒரு 50 ரூபா. மேடைகளில் 1000 ரூபா கோரிக்கை அதற்கு முன்பிருந்தே ஒலித்துக்கொண்டிருந்தது.

2021 மார்ச்சில் அந்த 1000 ரூபா வந்தது. ஆனால் வந்த வழி வேறு. 1941ஆம் ஆண்டின் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டத்தின் கீழ், சம்பளச் சபை முடிவெடுத்து, வர்த்தமானியில் அறிவித்தார்கள். 900 ரூபா சம்பளம், 100 ரூபா வரவு செலவுத் திட்ட நிவாரணக் கொடுப்பனவு. கம்பனிகள் கூட்டு ஒப்பந்தத்திலிருந்து விலகிக்கொண்டன.

இந்த இடத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், பின்னால் நடந்ததெல்லாம் இதிலிருந்துதான் வந்தது. கூட்டு ஒப்பந்தத்தில் தொகை மட்டும் பேசப்படவில்லை. வேலை நாள், எடுக்க வேண்டிய கொழுந்தின் அளவு, நலன்புரி என்று பலவற்றை இரு தரப்பும் எதிரெதிரே உட்கார்ந்து பேசிய இடம் அது. சம்பளச் சபை நிர்ணயிப்பது ஆகக்குறைந்த சம்பளத்தை. ஆக, தொகை வர்த்தமானிக்குப் போய்விட்டது, நாளும் கிலோவும் தோட்டத்துத் துரையின் (முகாமையாளரின்) மேசையிலேயே நின்றுவிட்டன. அதற்குப் பிறகு பல தோட்டங்களிலிருந்து ஒரே மாதிரியான முறைப்பாடு வரத் தொடங்கியது: கிலோவைக் கூட்டிவிட்டார்கள், எடுக்க முடியாதவர்களுக்கு அரைப் பேர் போடுகிறார்கள்.

பேர் என்பதைத் தோட்டத்துக்கு வெளியே உள்ளவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஒரு நாள் வேலைக்குச் செக்ரோலில் (வரவுப் பதிவேட்டில்) பதியும் வரவுதான் பேர். சொன்ன கிலோவை எடுத்தால் முழுப் பேர், குறைந்தால் அரைப் பேர். மாதக் கடைசியில் எத்தனை பேர் விழுந்திருக்கிறது என்பதுதான் சம்பளம். 1000 ரூபாவா 1700 ரூபாவா என்பது அதற்குப் பிறகு வருகிற கணக்கு.

2021இலேயே இரசாயன உரத்துக்குத் தடை வந்தது. தேயிலைக்கு அந்த ஆண்டின் பிற்பகுதியிலேயே தளர்த்தினார்கள் என்றாலும் செடி உடனே மீளவில்லை. 2021இல் ஏறக்குறைய 300 மில்லியன் கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி, 2022இல் 250 மில்லியன் சொச்சத்துக்கு இறங்கியது. கொழுந்து இல்லாத மலையில் வேலையும் இல்லை.

2024 மே தினத்தில் கொட்டகலையில் நடந்த கூட்டத்தில் அன்றைய ஜனாதிபதி 1700 ரூபா என்று அறிவித்தார்: 1350 சம்பளம், 350 உற்பத்திக் கொடுப்பனவு. கம்பனிகள் நீதிமன்றத்துக்குப் போயின. ஊர் முழுக்க இதே பேச்சாக இருந்த அந்த நேரத்தில்தான் நாங்கள் கூட்டத்துக்கு நாள் குறித்தோம்.

முதல் கூட்டம்

ஜூன் மாதத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. வார நாளில் வைத்தால் தொழிலாளர்களுக்கு ஒரு பேர் போய்விடும். கோயில் மண்டபம், காலை 9 மணி. ஆளுக்கு 20 நிமிடம், கடைசி அரை மணி நேரம் கேள்விகளுக்கு. 1 மணிக்கு மண்டபத்தைக் கொடுத்துவிட வேண்டும். மாலையில் ஒரு பூப்புனித நீராட்டு விழா இருந்தது.

அரசியல்வாதி முதலில் பேசினார். அவர் எடுத்துக்கொண்ட அலகு நாள். நாளுக்கு 1700. 200 வருட உழைப்பு, 1948இல் பறிபோன குடியுரிமை, லயம் எனும் வரிசை வீட்டு வாழ்க்கை எல்லாவற்றையும் தொட்டுப் பேசினார். பொய் ஒன்றும் இல்லை. ஆனால் 20 நிமிடம் 35 ஆனது. நான் தடுக்கவில்லை.

கம்பனி அதிகாரியின் அலகு கிலோ. ஒரு கிலோ தேயிலை செய்ய ஆகும் செலவு, கொழும்பு ஏலத்தில் கிடைக்கும் விலை, நாட்டின் தேயிலையில் பெரும் பகுதி இப்போது சிறு தோட்ட உரிமையாளர்களிடமிருந்து வருவது, அவர்களோடு போட்டி போட வேண்டியிருப்பது. நாட்சம்பளத்தை விட்டுவிட்டு, தொழிலாளிக்குத் தேயிலை நிலத்துண்டைப் பிரித்துக் கொடுத்து, கொழுந்தின் அளவுக்குப் பணம் கொடுக்கும் முறைக்குப் போக வேண்டும் என்பது அவருடைய வாதம். ஆங்கிலத்தில் பேசினார், எங்கள் மாணவி ஒருவர் மொழிபெயர்த்தார். கிலோவைப் பற்றி அவர் திரும்பத் திரும்பச் சொன்ன சொல்லை மாணவி பாடப் புத்தகத்தில் உள்ளபடி 'உற்பத்தித் திறன்' என்று சொன்னார். 'உங்கள் உற்பத்தித் திறன் போதாது' என்று மண்டபத்தில் கேட்டது. முன்வரிசையில் இருந்த பெண்கள் எழுந்துவிட்டார்கள். 'எங்களுக்கா திறமை இல்ல? ஒரு நாள் வந்து கூடையக் கட்டிப் பாருங்க சேர்.' அதிகாரிக்கு என்ன நடந்தது என்றே விளங்கவில்லை. அவர் சொன்னது செடியைப் பற்றியும் நிலத்தைப் பற்றியும்தான். பழைய செடி, உரமில்லாத மண். மொழிபெயர்ப்பில் அது ஆளைப் பற்றியதாக மாறிவிட்டது. அந்த மாணவியின் பிழை அல்ல இது. பேச்சைப் படித்துப் பார்க்கக்கூட அவருக்கு நாங்கள் முன்கூட்டியே எதுவும் கொடுத்திருக்கவில்லை.

ஆய்வாளரின் அலகு மாதமும் குடும்பமும். மாவட்ட வாரியாக வெளியாகும் வறுமைக் கோடு, வீட்டுச் செலவில் உணவின் பங்கு, பிள்ளைகளின் போசாக்கு. நல்ல ஆய்வு. திரையில் ஓடிய வரைபடங்கள் எல்லாம் ஆங்கிலத்தில். பின்வரிசையில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக வெளியே தேத்தண்ணிக்குப் போகத் தொடங்கினார்கள்.

மூவரும் சொன்னது மூன்றும் உண்மை. ஒருவர் நாளில் பேசினார், ஒருவர் கிலோவில், ஒருவர் மாதத்தில். ஒன்றை மற்றதாக மாற்றிச் சொல்ல அந்த மேடையில் யாரும் இல்லை. அது நெறிப்படுத்துபவனின் வேலை. நான் நேரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கேள்வி

12.40க்குத்தான் கேள்வி நேரம் வந்தது. முதல் இரண்டு கேள்விகளும் கேள்விகளாக இல்லை, இரண்டு தொழிற்சங்கங்களின் பேச்சாக இருந்தன. மூன்றாவதாக ஓர் அக்கா எழுந்தார். 22 வருடமாகக் கொழுந்து எடுப்பவர். கைப்பையிலிருந்து நான்காக மடித்த ஒரு சம்பளச் சீட்டை எடுத்தார்.

'ஐயாமாரே, ஆயிரம் ரூவா சம்பளம்னு எல்லாரும் சொல்றீங்க. இது மாசி மாசத்துச் சீட்டு. இதுல பேரு பதினாலு, அரைப் பேரு அஞ்சு. நீங்க மூணு பேரும் எத்தன நாளைக்குக் கணக்குப் பாத்தீங்க?'

மூவரும் 25 நாளுக்குத்தான் பார்த்திருந்தார்கள். அதிகாரியின் கணக்கிலும் 25, ஆய்வாளரின் வரைபடத்திலும் 25, அரசியல்வாதியின் பேச்சிலும் '25 நாளைக்கு 42,500 ரூபா' என்றுதான் வந்தது.

நான் செய்த பெரிய பிழை இங்கேதான். மண்டபக்காரர் வாசலில் நின்றார். 'நல்ல கேள்வி அக்கா, இதைப் பிறகு பேசுவோம்' என்று சொல்லி நன்றியுரைக்குப் போய்விட்டேன். அன்று பேசப்பட்டதிலேயே ஆதாரத்தோடு வந்த ஒரே பேச்சு அது.

கூட்டம் முடிந்ததும் ஓடிப்போய் அவரைப் பிடித்து, சீட்டைப் பார்த்தேன். 14 முழுப் பேருக்கு 14,000. 5 அரைப் பேருக்கு 2,500. மொத்தம் 16,500. ஊழியர் சேமலாப நிதிக்கு 8 வீதம், 1,320. மிச்சம் 15,180. அதற்குப் பிறகு முற்பணம், தேயிலைத் தூள், சங்கச் சந்தா, கோயில் சந்தா. 25 நாள் கணக்கில் சேமலாப நிதி கழித்து 23,000 வர வேண்டும். அந்த வித்தியாசத்தைப் பற்றி மூன்று மணி நேரத்துக்கு மேல் நீண்ட கூட்டத்தில் ஒரு வார்த்தை பேசப்படவில்லை.

எடுத்த முடிவு

அடுத்த வாரம் குழுவாகக் கூடினோம். மூன்று யோசனைகள் வந்தன. கூட்டத்தின் தீர்மானங்கள் என்று ஒரு மகஜர் எழுதி அனுப்புவது ஒன்று. ஆனால் கூட்டத்தில் தீர்மானம் எதுவும் வரவில்லையே, நாங்களாக எழுதினால் அது எங்கள் மகஜராகத்தான் இருக்கும். வேறு பேச்சாளர்களோடு இன்னொரு பொதுக்கூட்டம் என்பது அடுத்த யோசனை. அதிலும் மூன்று வேறு பேர் மூன்று வேறு அலகில் பேசுவார்கள், அவ்வளவுதான். மூன்றாவது யோசனை தபால் ஊழியருடையது: 'சீட்டுகளைச் சேர்ப்போம். அதே மூன்று பேரின் முன்னாலேயே வைப்போம்.' அதையே எடுத்தோம். அதே ஆட்கள் என்பது முக்கியம் என்று எங்களுக்குத் தோன்றியது. 25 நாள் என்று சொன்ன வாயாலேயே சீட்டில் உள்ள நாளை வாசிக்க வேண்டும்.

ஆய்வாளர் இதைக் கேட்டதும் தானாகவே முன்வந்தார், அதற்கு அவருக்கு நன்றி சொல்ல வேண்டும். மூன்று நிபந்தனைகள் போட்டார். பெயர், சேமலாப நிதி இலக்கம், டிவிஷன் (தோட்டப் பிரிவு) எதுவும் பிரதியில் இருக்கக் கூடாது. ஒருவரிடம் ஒரு மாதச் சீட்டு வாங்கிப் பிரயோசனமில்லை, ஜனவரி முதல் ஜூன் வரை ஆறு மாதமும் வேண்டும், ஏனென்றால் எங்கள் பக்கம் முதல் மூன்று மாதம் வரட்சி, ஏப்ரல் மே மாதங்களில்தான் கொழுந்து பொங்கும். கடைசியாக, இது மாதிரிக் கணக்கெடுப்பு அல்ல, இதிலிருந்து சராசரி எடுத்துப் பத்திரிகைக்குக் கொடுக்கவே கூடாது. சட்டத்தரணி நான்காவதாக ஒன்று சேர்த்தார்: தராதவர் யாரையும் இரண்டாம் முறை கேட்கக் கூடாது.

17 தொழிலாளர்கள் தந்தார்கள், எல்லோரும் பெண்கள். சிலரிடம் சில மாதச் சீட்டு இல்லை. வீடு ஒழுகி நனைந்துபோனது, பிள்ளை கிழித்தது, அடகுக் கடையில் காட்டக் கொடுத்தது. கிடைத்த ஒரு சீட்டிலும் 25 முழுப் பேர் இல்லை.

இதற்கிடையில் ஜூலையில் 1700 ரூபா வர்த்தமானிக்கு உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. ஊரில் கோபம் கூடியது. இரண்டாவது கூட்டத்தை ஒத்திப்போடலாமா என்று யோசித்தோம். தொகையே நின்றுபோன நேரத்தில் வேலை நாட்களைப் பற்றிப் பேசலாம் என்று நடத்த முடிவு செய்தோம்.

இரண்டாவது கூட்டம்

ஆகஸ்ட். மேடை இல்லை, ஒலிபெருக்கி இல்லை, ஊடகம் இல்லை. ஒரு வகுப்பறையில் வட்டமாகக் கதிரைகள். 20 ஆட்கள், அதில் எட்டுத் தொழிலாளர்கள். பேச்சு தமிழில். அதிகாரிக்குப் பக்கத்தில் அதே மாணவி. இந்த முறை ஒரு வாரத்துக்கு முன்பே சொற்களை எழுதி, கொழுந்து எடுக்கும் பெண்களிடம் வாசித்துக் காட்டியிருந்தார். உற்பத்தித் திறன் என்ற சொல் போய், 'ஒரு ஆள் ஒரு நாளைக்கு எடுக்கும் கிலோ' வந்தது. நீளம்தான், ஆனால் யாரும் கோபப்படவில்லை.

அரசியல்வாதி ஒரு மணி நேரம் பிந்தி வந்தார். தேர்தல் அறிவித்திருந்த நேரம். வந்தவர் சீட்டுகளைக் கையில் எடுத்து வாசித்தார். 'நான் 25 நாள் என்று சொன்னது தப்பு' என்று அந்தப் பெண்களின் முன்னால் சொன்னார். அரசியலில் இருப்பவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

அதிகாரியும் வெறுங்கையோடு வரவில்லை. ஒரு தோட்டத்தின் செக்ரோல் சுருக்கத்தைப் பெயர் நீக்கிக் கொண்டுவந்திருந்தார். பெப்ரவரிதான் ஆண்டிலேயே மோசமான மாதம், அதை மட்டும் காட்டுவது நியாயமில்லை என்றார். அது சரி. அதற்குத்தான் ஆறு மாதமும் வைத்திருந்தோம். பிறகு அவர் இன்னொன்று சொன்னார்: வேலை இருந்த நாளிலும் ஆள் வரவில்லை. மரக்கறித் தோட்டத்துக்குப் போகிறார்கள், கொழும்புக்கு வீட்டு வேலைக்குப் போகிறார்கள்.

ஓர் இளம் பெண் பதில் சொன்னார். 'போறோம் சேர். அங்க சாயங்காலமே காசு தர்றாங்க. இங்க பத்துக் கிலோ எடுத்து அரைப் பேரு வாங்கிட்டு வர்றதுக்கு, அங்க போறது மேல். நீங்க வேல இருக்குன்னு முதல் நாளே சொன்னா, எத்தன கிலோன்னும் சொன்னா, நாங்க ஏன் போறோம்?'

அதற்குப் பிறகுதான் உண்மையான பேச்சு நடந்தது. சீட்டை எல்லோரும் மறுபடி பார்த்தோம். எத்தனை நாள் வேலை செய்தார் என்பதற்குக் கட்டம் இருக்கிறது. எத்தனை நாள் வேலை கொடுக்கப்பட்டது என்பதற்குக் கட்டம் இல்லை. ஆகவே கம்பனி 'ஆள் வரவில்லை' என்று சொல்லலாம், தொழிலாளி 'வேலை தரவில்லை' என்று சொல்லலாம், இரண்டையும் யாராலும் நிரூபிக்க முடியாது. இந்தத் தாளை இத்தனை வருடம் பார்த்தவர்கள் அந்த அறையில் இருந்தார்கள். அன்றுதான் எல்லோருக்கும் அது கண்ணில் பட்டது.

மூன்று விடயங்களில் உடன்பாடு வந்தது. எழுத்தில் இல்லை, வாய்ப்பேச்சுத்தான். தன் பொறுப்பில் உள்ள சில தோட்டங்களில் அன்றன்றைய மலைக்கு (கொழுந்து எடுக்கும் பகுதிக்கு) எத்தனை கிலோ என்பதை, வேலை பிரித்துக் கொடுக்கும் பிரட்டுக் களத்துப் பலகையில் காலையிலேயே எழுதச் சொல்வதாக அதிகாரி ஒப்புக்கொண்டார். வேலை கொடுத்த நாளைச் சீட்டில் அச்சிடுவது பற்றித் தலைமையகத்தில் கேட்பதாகவும் சொன்னார். வேலை நாள் விடயத்தை மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவில் எடுப்பதாக அரசியல்வாதி சொன்னார்.

பிறகு நடந்தது

பலகையில் கிலோ எழுதுவது ஒரு தோட்டத்தில் மூன்று மாதம் நடந்தது. எழுதிய நாட்களில் நிறுவைக் களத்தில் சண்டை குறைந்தது என்று பெண்களும் சொன்னார்கள், கணக்கப்பிள்ளையும் சொன்னார். துரை மாற்றலாகிப் போனதும் அது நின்றது. சீட்டில் புதுக் கட்டம் வரவில்லை. அரசியல்வாதி ஒருமுறை குழுவில் பேசினார். செப்டம்பர் 21 ஜனாதிபதித் தேர்தல், நவம்பர் 14 பாராளுமன்றத் தேர்தல் என்று அதன்பின் எல்லோரும் வேறு வேலையாகிவிட்டார்கள். ஆண்டின் பிற்பகுதியில் 1350 ரூபா நடைமுறைக்கு வந்தது. கூட்டம் போட்டதற்கும் அதற்கும் தொடர்பில்லை.

முதல் கூட்டத்தில் கேள்வி கேட்ட அக்காவுக்கு என்ன நடந்தது என்பது எங்களுக்கு ஒக்டோபரில்தான் தெரிந்தது. சீட்டுகளைச் சேர்த்துக் கொடுத்தது அவர்தான் என்று தோட்டத்தில் பேச்சு வந்திருக்கிறது. உண்மையில் அவர் தன்னுடையதை மட்டும்தான் தந்தார். இரண்டு கிழமைக்கு அவரை ஆகத் தூரத்து மலைக்கு, கொழுந்து குறைந்த பழைய செடிக்குப் போட்டார்கள். அந்த இரண்டு கிழமையும் பெரும்பாலும் அரைப் பேர். பெயர்களையும் இலக்கங்களையும் பிரதியிலிருந்து வெட்டிவிட்டால் பாதுகாப்பு என்று நினைத்தோம். 150 ஆட்களுக்கு முன்னால் சீட்டைப் பிரித்துக் காட்டியவரின் முகத்தை எதை வைத்து மறைப்பது? அவர் எழுந்தபோதே நாங்கள் அதை யோசித்திருக்க வேண்டும். கம்பனி அதிகாரியிடம் சொன்னோம், அவர் தலையிட்டார். மலை மாறியது. போன நாட்களுக்குக் காசு வரவில்லை. எங்கள் குழு கொடுக்க முன்வந்தபோது அக்கா வாங்க மறுத்துவிட்டார்.

2026க்கான வரவு செலவுத் திட்டத்தில், ஜனவரி முதல் நாளுக்கு 1550 ரூபாவும், வேலைக்கு வரும் நாளுக்கு அரசு தரும் 200 ரூபாவும் என்று முன்மொழியப்பட்டது. அந்த 200 ரூபாவும் பேர் விழுந்தால்தான். வேலை கொடுத்த நாளைப் பதிய வேண்டிய தேவை இப்போது முன்பைவிடக் கூடியிருக்கிறது, ஏனென்றால் இனி அது அரசின் பணமும்கூட. இதை வைத்து மூன்றாவது கூட்டத்தை 2025 டிசம்பரில் நடத்த இருந்தோம். நவம்பர் கடைசியில் டித்வா புயல் மலைகளைச் சரித்துவிட்டது. சீட்டுத் தந்தவர்களில் சிலர் முகாமுக்குப் போனார்கள். கூட்டம் நடக்கவில்லை.

மறுபடி செய்தால்

முதல் பேச்சைப் பேச்சாளரிடம் கொடுக்க மாட்டேன். சீட்டை முதலில் வைப்பேன், ஆனால் அதைத் தோட்டத்தில் வேலை செய்யாத ஒருவர் வாசிப்பார். தொழிலாளர்கள் சபையில் இருக்கலாம், தங்களுடைய சீட்டோடு எழுந்து நிற்க வேண்டிய நிலைமை அவர்களுக்கு வரக் கூடாது. பல தோட்டங்களிலிருந்து சீட்டுகள் வந்தால்தான் கூட்டத்தையே நடத்துவேன். ஒரே தோட்டம் என்றால் யார் என்று கண்டுபிடிக்க ஒரு மணி நேரம் போதும்.

மூன்று பேச்சாளர்களுக்கும் ஒரே தாளை முன்கூட்டியே அனுப்பி, நாள், கிலோ, மாதம் மூன்றிலும் தங்கள் கணக்கை எழுதித் தரச் சொல்வேன். எழுதித் தராதவர் பேச வேண்டாம். அரசியல்வாதியானாலும் சரி, பேராசிரியரானாலும் சரி.

வாய்ப்பேச்சு உடன்பாட்டை நம்ப மாட்டேன். பலகையில் கிலோ எழுதுவது ஒரு துரையின் நல்ல மனதில் தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டு வரியில் ஒரு சுற்றறிக்கை கேட்டிருந்தால் அந்த அதிகாரி கொடுத்திருப்பார் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். நாங்கள் கேட்கவில்லை.

அக்காவின் மகள் இப்போதும் மாதம் தவறாமல் சீட்டைப் படம் பிடித்து அனுப்புகிறார். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தோம், அம்மா அனுப்பச் சொல்கிறார் என்றார். 2025 ஒக்டோபர் மாதத்துச் சீட்டில் 1350 ரூபா வீதம் 16 பேர், அரைப் பேர் 3.